பட்டியலில் இல்லாத தீவு

பிரிக்பீல்ட்ஸில் மாதம் ஒருமுறை ஏழெட்டுப் பேர் கூடி எதையாவது வாசித்துப் பேசுவோம். பெரும்பாலும் நாவல், இல்லாவிட்டால் சிறுகதைத் தொகுப்பு. என் முறை வந்த மாதம் நான் புனைவை விட்டுவிட்டு, யுனிசெஃப் 2021 ஆகஸ்டில் வெளியிட்ட குழந்தைகளுக்கான பருவநிலை ஆபத்துக் குறியீட்டு அறிக்கையைத் தேர்ந்தெடுத்தேன். ‘குறியீடு’ என்று வாட்ஸ்அப்பில் போட்டதும் படிமம், குறியீடு பற்றிய கட்டுரை என்று நினைத்துக்கொண்டு வந்தவர்களும் உண்டு. வந்து பார்த்தால் அட்டவணையும் வரைபடமும். “இதை எதுக்குண்ணா இலக்கியக் கூட்டத்துல பேசணும்?” என்று ஒரு தங்கை வெளிப்படையாகவே கேட்டார்.

கேரித் தீவில் பிறந்து வளர்ந்த தம்பி ஒருவன் எங்கள் குழுவில் இருக்கிறான். அதிகம் பேசமாட்டான். அன்று கைப்பேசியில் பக்கங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தவன், “அண்ணா, இதுல சின்னத் தீவுங்க பாதி இல்லையே” என்றான். கொஞ்ச நேரம் கழித்து, “சரி, நம்ம கதைங்கள்ல மட்டும் இருக்கா?” என்றும் கேட்டான். இரண்டாவது கேள்விக்கு அன்று யாரிடமும் பதில் இல்லை. இரண்டையும் சேர்த்து யோசித்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அறிக்கை. நான் அதை ஓர் இலக்கிய வாசகனாகத்தான் படித்தேன், வேறு தகுதி எனக்கு இல்லை. 163 நாடுகளை அது வரிசைப்படுத்துகிறது. அளவுகோல் இரண்டு. வெள்ளம், புயல், வெப்ப அலை, நீர்ப் பற்றாக்குறை, காற்று மாசு போன்றவை ஒரு குழந்தையை எந்த அளவு தாக்குகின்றன என்பது ஒன்று. தாக்கும்போது தாங்கிக்கொள்ளச் சத்துணவு, சுத்தமான தண்ணீர், பள்ளி, மருத்துவம், சமூகப் பாதுகாப்பு அதற்கு எவ்வளவு இருக்கின்றன என்பது மற்றொன்று. இப்படிப் பிரித்துப் பார்த்ததுதான் அறிக்கையின் பெரிய பலம். ஒரே மழை இரண்டு வீடுகளில் ஒரே மாதிரி பெய்வதில்லை என்பதை நம் எழுத்தாளர்களைவிடத் தெளிவாக அது சொல்லிவிடுகிறது. உலகின் 220 கோடிக் குழந்தைகளில் ஏறத்தாழ 100 கோடிப் பேர் ‘மிக அதிக ஆபத்து’ என்று வகுக்கப்பட்ட 33 நாடுகளில் வாழ்கிறார்கள். அந்த 33 நாடுகளும் சேர்ந்து வெளியிடும் கரிம வாயு உலக அளவில் 9 விழுக்காடுதான். கடலோர வெள்ள அபாயத்தில் மட்டும் 24 கோடிக் குழந்தைகள். இந்தியா 26ஆம் இடத்தில் இருக்கிறது. மலேசியா அந்த 33க்குள் இல்லை.

முன்னுரையை கிரேட்டா துன்பர்க் உள்ளிட்ட நான்கு இளம் செயற்பாட்டாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அதில் கோபம் இருக்கிறது, யாரை நோக்கிப் பேசுகிறோம் என்ற தெளிவும் இருக்கிறது. அதைத் தாண்டி உள்ளே போனால் குரல் மாறிவிடுகிறது. எல்லாமே செய்வினை இல்லாத வாக்கியங்கள். குழந்தைகள் ‘பாதிக்கப்படுகிறார்கள்’, பள்ளிகள் ‘சேதமடைகின்றன’. யார் எதைச் செய்ததால் என்பது மறைந்துவிடுகிறது. நம்மூர் நாவல்களில் கங்காணியோ மண்டோரோ கண்ணெதிரே வந்து நிற்பான், கதையில் அவனை வெறுக்க முடியும். இங்கே வெறுக்க ஆளே இல்லை.

தம்பி கண்டுபிடித்ததுதான் எனக்குப் பெரிய உறுத்தல். ஐ.நா. சபையில் 193 நாடுகள். குறியீட்டில் 163. விடுபட்டவற்றில் கணிசமானவை சிறு தீவு நாடுகள், துவாலு போன்றவை. காரணம் தரவுப் பற்றாக்குறை. மோசடி ஒன்றும் இல்லை, அறிக்கைக்காரர்களே ஒப்புக்கொள்வதுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். கடல் ஏறினால் முதலில் முழங்கால் நனையப்போகிற குழந்தை எந்தக் குழந்தையோ, அதை அளக்க முடியாததால் அது பட்டியலில் இல்லை. கணக்கெடுப்பவர் போகாத வீட்டில் கஷ்டம் இல்லை என்று பொருளாகிவிடுமா?

இந்தச் சிக்கல் நாடுகளோடு முடிவதில்லை. ஒரு நாட்டுக்கு ஒரு சராசரி எண் கொடுக்கும்போது அந்த நாட்டுக்குள் இருக்கும் தீவுகள் எல்லாம் கரைந்துபோகின்றன. மலேசியாவின் சராசரி கௌரவமானது. பள்ளி இருக்கிறது, கிளினிக் இருக்கிறது, குழாயில் தண்ணீர் வருகிறது. அந்தச் சராசரிக்குள் கிள்ளான் கடலோரத்தின் கெத்தாம் தீவு இருக்கிறது, மரக்கால்களின் மேல் பலகை போட்டுக் கட்டிய வீடுகளோடு. கேரித் தீவும் இருக்கிறது, மா மெரி பூர்வகுடிக் கிராமங்களோடும் செம்பனைத் தோட்டங்களோடும் தமிழ்ப்பள்ளிகளோடும். பிறப்புப் பத்திரம் இல்லாத குழந்தைகளும் இருக்கிறார்கள். நம் சமூகத்தில் அது எவ்வளவு பழைய புண் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பத்திரம் இல்லாத பிள்ளை பள்ளிப் புள்ளிவிவரத்திலும் இல்லை, தடுப்பூசிப் புள்ளிவிவரத்திலும் ஒழுங்காக இல்லை. அப்புறம் எந்த அட்டவணையில் அது ஆபத்தில் இருக்கும்?

நான் காப்பார்க்காரன். கிள்ளானிலிருந்து கோலசிலாங்கூர் போகும் 5ஆம் எண் சாலையில் எங்கள் ஊர். தீவு இல்லைதான், ஆனாலும் கடல் தூரமில்லை. ஊர்க் கடற்கரையில் அனல்மின் நிலையம் நிற்கிறது. நிலக்கரி, எரிவாயு, எண்ணெய் மூன்றிலும் ஓடக்கூடியதாகக் கட்டப்பட்டது. சின்ன வயதில் அதன் புகைபோக்கிகளை வைத்துத்தான் திசை சொல்லுவோம். கடல் பெருக்கு வரும் நாட்களில், ‘ஆயர் பாசாங் பெசார்’ என்று அறிவிப்பு வந்தவுடன், பக்கத்திலுள்ள தோக் மூடா கம்பத்துப் பெயர் செய்தியில் அடிபடும். நிலக்கரியை எரித்து வெளிச்சம் தருகிற ஊரும் கடல் ஏறிவரும் ஊரும் ஒன்றே. இதைக் கதையில் எழுதினால் ‘செயற்கையாக இருக்கிறது’ என்று நானே விமர்சனம் எழுதியிருப்பேன்.

2021 டிசம்பர் வெள்ளத்தை இந்த இதழின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஷா ஆலம் ஸ்ரீ மூடாவில் தண்ணீர் கூரையை நோக்கி ஏறியபோது படகுக்குக் கூப்பிட்ட குரல்களை நாம் எல்லோரும் கைப்பேசியில் கேட்டோம். நாடு முழுக்க 50 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த ஆண்டு வெள்ளங்களின் சேதம் 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை கணக்குச் சொன்னது. நான் ஒரு பள்ளி மண்டபத்தில் நான்கு நாள் பொட்டலம் கட்டினேன். அங்கே பத்து வயதிருக்கும் ஒரு பிள்ளை, சுருண்டு உட்கார்ந்து அழுதுகொண்டே இருந்தது. வீடு போனதற்காக இருக்கும் என்று எல்லோரும் தேற்றினார்கள். நான் கேட்டபோது சொன்னாள்: “பாடப்புத்தகமெல்லாம் நனைஞ்சிருச்சு அண்ணா. அது ஸ்கூல் இரவல் கொடுத்தது. திருப்பிக் கொடுக்கணும். டீச்சர் வாங்க மாட்டாங்க.” சோபாவும் காரும் பெரியவர்களின் இழப்பு. அவளுக்குக் கடன் இருந்தது, இரவல் வாங்கிய ஆறேழு புத்தகங்களின் கடன். அந்த நான்கு நாளில் என்னால் அவளை நம்பவைக்க முடியவில்லை.

அறிக்கையில் ‘கல்வி’ என்று ஒரு பிரிவு உண்டு. பள்ளிக்கூடம் இருந்தால் அந்தப் பிள்ளைக்கு அது ஒரு பாதுகாப்பு. வெள்ளம் வந்தால் அதே பள்ளிக்கூடம்தான் நிவாரண மையம், வகுப்பறைதான் படுக்கையறை. அது விடுமுறைக் காலமாக இருந்ததால் அன்று யாருக்கும் உறைக்கவில்லை. யுனிசெஃப் பின்னால் வெளியிட்ட ஒரு கணக்கின்படி 2024இல் மட்டும் 85 நாடுகளில் 24.2 கோடி மாணவர்களின் படிப்பு பருவநிலைச் சீற்றங்களால் தடைப்பட்டிருக்கிறது. எண் பெரியதுதான். ஆனால் எண்ணுக்குள் அந்த இரவல் புத்தகக் கடனை எங்கே எழுதுவது? அதை எழுதத்தானே கதை இருக்கிறது என்று சொல்ல வருகிறேன். சொன்னதும் தம்பியின் இரண்டாவது கேள்வி வந்து வாயை அடைக்கிறது.

நம்ம கதைகளில் தீவு இருக்கிறதா?

என் அலமாரியில் இருக்கும் மலேசியத் தமிழ்ப் புனைவுகளை இந்தக் கேள்வியோடு மறுபடி புரட்டினேன். மழை நிறைய இருக்கிறது. தோட்டக் கதைகளில் மழைக்கு ஒரு திட்டவட்டமான பொருள் உண்டு: விடியற்காலையில் பெய்தால் பால்மரம் வெட்ட முடியாது, வெட்டாவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை, கூலி இல்லாவிட்டால் பிள்ளைக்கு அன்று என்ன ஆகும் என்பது வாசகருக்குத் தெரியும். இது உண்மையிலேயே கூர்மையான ஆபத்து மதிப்பீடு. எந்த வானிலைத் துறையும் மழையை இப்படி அளந்ததில்லை. நம் முன்னோடிகள் அளந்தார்கள். அவர்களுக்கு அந்தப் பெருமை சேரவேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வந்துபோன அகிலன்கூட ‘பால்மரக் காட்டினிலே’ எழுதியபோது மரக்காட்டைத்தான் பார்த்தார். கடலைப் பார்க்கவேண்டும் என்று அவரிடம் எதிர்பார்க்கவும் முடியாது.

ஆனால் நாம்? கப்பலில் வந்த மக்கள் நாம். ‘ரஜூலா’ கப்பலின் பெயர் நம் வீட்டு முதியவர்கள் வாயில் ஒரு சொந்தக்காரர் பெயர் மாதிரிப் புழங்கியது. இறங்கியதும் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டோம், இலக்கியத்திலும்தான். அ. ரெங்கசாமியின் ‘லங்காட் நதிக்கரை’ தலைப்பிலேயே நதியை வைத்திருக்கிறது. அந்த லங்காட் கடலில் கலக்கும் இடத்தில்தான் கேரித் தீவு. நாவலின் அக்கறை போர்க்கால மனிதர்கள் மேல், அது அந்த நாவலுக்கு நியாயமானதே. நதி முடியும் இடத்தில் என்ன நடக்கிறது என்று அவருக்குப் பின்னால் வந்த நாம் போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

அங்கே நடப்பது இதுதான். கேரித் தீவு எட்வர்ட் கேரி என்ற ஆங்கிலேயத் தோட்டக்காரர் பெயரால் அமைந்தது. கண்டல் காடும் சேறுமாக இருந்த நிலத்தைச் சுற்றி மண் கரை எழுப்பி, உள்ளே வாய்க்கால் வெட்டி, நீரை வடித்து எடுத்த தோட்டம். கடல் பெருகும்போது கரைக்கு வெளியே தண்ணீர் உள்ளே இருக்கும் நிலத்தைவிட உயரத்தில் நிற்கும். கிள்ளான் துறைமுகப் பகுதியில் பெரிய பெருக்கு 5 மீட்டரைத் தாண்டும். வாய்க்கால்கள் கடலைச் சேரும் இடத்தில் கதவுகள் உண்டு, ‘வாட்டர் கேட்’ என்பார்கள். கடல் வற்றும்போது திறந்து உள்நீரை வெளியேற்றவேண்டும், ஏறும்போது அடைக்கவேண்டும். பெருக்கும் பேய்மழையும் ஒரே நேரத்தில் வந்தால் திறக்கவும் முடியாது, உள்ளே பெய்ததை வைத்திருக்கவும் முடியாது. மலேசியக் கடலோர வெள்ளத்தின் இயக்கமே ஏறக்குறைய இவ்வளவுதான். 1901க்கும் 2018க்கும் இடையில் உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. கதவு திறந்திருக்கும் நேரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிவருகிறது என்று அதைத் தோட்டத் தமிழில் சொல்லலாம்.

கரைக்கு வெளியே கண்டல் இருக்கும்வரை அலை அதில் மோதிக் களைத்துத்தான் வரும். தீவின் சில பகுதிகளில் அந்தக் கண்டல் அரிக்கப்பட்டுவிட்டது. மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே கடலுக்குள் கல்தடுப்பு அமைத்து, பின்னால் சேறு படியவிட்டு, கண்டல் நட்டுப் பார்த்திருக்கிறார்கள். இன்னொரு பக்கம் தீவில் மூன்றாவது துறைமுகம் கட்டும் பேச்சு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எழுவதும் அடங்குவதுமாக இருக்கிறது. வேலை முடிந்தால் லயத்து வீட்டை ஒப்படைத்துவிட்டுப் போகவேண்டிய தோட்டக் குடும்பத்துக்குக் கடல் வருகிறதா துறைமுகம் வருகிறதா என்பதில் பெரிய வித்தியாசம் இருக்காது. பிள்ளைக்கும் அப்படித்தான்.

இவ்வளவும் கதை கேட்கிற விஷயங்கள். ஏன் கதையாகவில்லை?

அமிதவ் கோஷ் 2016இல் ‘தி கிரேட் டிரேஞ்ச்மென்ட்’ நூலில் இதுபோன்ற கேள்வியைத்தான் எழுப்பினார். நவீன நாவல் அன்றாடத்தின் ஒழுங்கை நம்பி உருவான வடிவம், நம்பமுடியாத பேரழிவு அதற்குள் நுழைந்தால் மலிவான மிகைக்கதை மாதிரி ஆகிவிடுகிறது, அதனால் இலக்கியம் பருவநிலையைக் கைவிட்டது என்பது சுருக்கமாக அவர் வாதம். எங்கள் கூட்டத்தில் இரண்டு பேர் இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அது நம் விஷயத்தில் பொருந்துவதாகத் தெரியவில்லை. கோஷின் நடுத்தர வர்க்க நாவலாசிரியருக்கு வெள்ளம் நம்பமுடியாதது. கிள்ளானில் வாழும் தமிழனுக்கு அது மிகவும் நம்பக்கூடியது, வருடாவருடம் வருவது. மெத்தையை மேசைமேல் ஏற்றுவது, ஃபிரிட்ஜுக்குக் கீழே செங்கல் வைப்பது, பத்திரங்களைப் பிளாஸ்டிக் பையில் போட்டு சாமிப் படத்துக்கு மேல் செருகுவது எல்லாம் வீட்டு வேலை. வீட்டு வேலையை யார் கதையாக எழுதுவார்கள்? நம் எழுத்தில் வெள்ளம் இல்லாததற்குக் காரணம் அது பழகிப்போனது. பழக்கத்தை எழுத அதைச் செய்கிறவரின் கண் வேண்டும். அந்தக் கண் பெரும்பாலும் பெண்களுடையது, அல்லது மேசைமேல் ஏற்றி உட்காரவைக்கப்பட்ட பிள்ளையுடையது. இரண்டு பேருமே நம் புனைவில் கதைசொல்லிகளாக வருவது குறைவு.

இன்னொரு காரணமும் உண்டு, சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். தோட்டத்தை நாம் இறந்தகாலத்தில் எழுதுகிறோம். தோட்டம் துண்டாடப்பட்டது, மக்கள் வெளியேறினார்கள், கோயில் மட்டும் நின்றது, அழுகை. நினைவேக்கம் விருதும் வாங்கித்தருகிறது. அதே நேரத்தில் கேரித் தீவில் காலையில் பெரட்டு நடக்கிறது, பிள்ளைகள் சீருடை போட்டுப் பள்ளிக்குப் போகிறார்கள். எழுதுகிறவர்கள் பட்டணத்துக்கு வந்துவிட்டதால் தோட்டமே முடிந்துவிட்டது என்று முடிவுகட்டிவிட்டோம். யுனிசெஃப் குறியீட்டுக்குத் தரவு இல்லை என்ற சாக்காவது இருந்தது. நமக்கு என்ன சாக்கு?

தமிழின் மற்ற நிலங்கள் கொஞ்சம் தேவலை. வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’, ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ இரண்டிலும் கடல் ஒரு பாத்திரத்தின் கனத்தோடு வருகிறது. ஈழத்தில் புங்குடுதீவு மட்டுமே மு. தளையசிங்கத்தையும் சு. வில்வரத்தினத்தையும் கொடுத்தது. வில்வரத்தினத்தின் ‘காற்றுவெளிக் கிராமம்’ ஆட்கள் பெயர்ந்துபோன தீவின் வெறுமையைப் பதிவுசெய்த தொகுப்பு. அங்கே தீவைக் காலியாக்கியது போர். நாளை தண்ணீர் காலியாக்கினாலும் அந்த வெறுமை அப்படித்தான் இருக்கும் என்று வாசித்தபோது தோன்றியது. தனுஷ்கோடியை மட்டும் நாம் கெடுத்துவைத்திருக்கிறோம். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் பாம்பனிலிருந்து போன ரயிலே கடலில் போனது. இன்று அது இடிந்த தேவாலயத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளும் ‘பேய் நகரம்’. பயணக் கட்டுரைகள் அந்த இடிபாட்டில் கவித்துவம் தேடுகின்றன. பக்கத்துக் குடிசைகளில் மீனவக் குடும்பங்கள் இன்றும் வாழ்வதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

இலக்கியம் இந்த விஷயத்தில் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்லும் ஒரு தீவு உண்டு. நமக்குத் தூரமில்லை, சுமத்ராவின் மேற்குக் கரைக்கு அப்பால் இருக்கும் சிமெலுவே. 1907இல் அங்கே ஆழிப்பேரலை அடித்துப் பெரும் உயிர்ச்சேதம். பிழைத்தவர்கள் அதற்கு ‘ஸ்மோங்’ என்று பெயர் வைத்து, கதையாகவும் தாலாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். நிலம் பலமாக ஆடி, கடல் பின்வாங்கினால் எதையும் எடுக்க நிற்காமல் மேட்டுக்கு ஓடு என்பதுதான் அதன் சாரம். 2004 டிசம்பர் 26 அன்று அச்சேயில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் மாண்டார்கள். நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்த சிமெலுவேயில், ஏறத்தாழ 78,000 பேரில், இறந்தவர்கள் ஏழு பேர் என்று பதிவாகியிருக்கிறது. அதே காலையில் பினாங்குக் கடற்கரையில் பின்வாங்கிய கடலை வேடிக்கை பார்த்தவர்கள் உண்டு. மலேசியாவில் 68 உயிர் போனது, பெரும்பாலும் பினாங்கில். நம்மிடம் வானொலி இருந்தது, தொலைக்காட்சி இருந்தது, அந்தத் தாலாட்டு மட்டும் இல்லை.

இந்தக் கதையைச் சொன்னதும் கூட்டத்தில் எல்லோருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. எனக்கும் அது பிடித்த கதைதான். ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. ஆழிப்பேரலை ஒரே நாளில் வந்து அடிப்பது. ஓடு என்றால் ஓடலாம். வருடத்துக்குச் சில மில்லிமீட்டர் ஏறும் கடலுக்கு என்ன தாலாட்டுப் பாடுவது? கதவு பத்து நிமிடம் முந்தி அடைக்கப்படுவதைப் பார்த்து எந்தப் பிள்ளை எங்கே ஓடும்? மெதுவாக வரும் ஆபத்துக்குத் தாலாட்டைவிட நாவல்தான் பொருத்தமான வடிவம் என்று எனக்குப் படுகிறது. ஒரு குடும்பத்தின் முப்பது வருடத்தைப் பிடித்துவைக்க அதற்குத்தான் பொறுமை உண்டு.

கேரித் தீவிலேயே கடலை மறக்காதவர்கள் இருக்கிறார்கள். மா மெரி மக்கள் ஆண்டுதோறும் கடற்கரையில் கடல் ஆவிகளுக்குச் சடங்கு செய்கிறார்கள். அதற்குப் பெயர் ‘பூஜா பந்தாய்’. பாதிச் சொல் நம்முடையது. அவர்களின் முகமூடிச் சிற்பங்கள் உலகப் புகழ் பெற்றவை. ஒரே தீவில், சில கிலோமீட்டர் இடைவெளியில், தமிழ்க் குழந்தையும் மா மெரிக் குழந்தையும் வளர்கிறார்கள். நான் தேடிப்பார்த்தவரை நம் கதைகளில் அந்தப் பக்கத்துவீட்டுப் பிள்ளை வருவதே இல்லை. தம்பியிடம் கேட்டேன். “கூடப் பந்து விளையாடுவோம் அண்ணா. அவங்க வீட்டுல தண்ணி வரும்னு முன்னாடியே தெரியும். எப்படித் தெரியும்னு நான் கேட்டதே இல்ல” என்றான். இதைவிட நேர்மையான இலக்கிய விமர்சனத்தை நான் அண்மையில் கேட்டதில்லை.

சிறுவர் இலக்கியத்தைப் பற்றிச் சுருக்கமாக. தமிழ்ப்பள்ளிக் கதைப் போட்டிகளுக்குச் சில வருடம் நடுவராக இருந்திருக்கிறேன். ‘வெள்ளம்’ என்று தலைப்பு கொடுத்தால் நூற்றுக்குத் தொண்ணூறு கதைகளில் ஒரு நல்ல மாணவன் தம்பியையோ பாட்டியையோ காப்பாற்றுகிறான், தலைமையாசிரியர் சபைகூடலில் பாராட்டுகிறார், குப்பையை ஆற்றில் போடக்கூடாது என்று முடிகிறது. பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. புள்ளி அப்படித்தான் கிடைக்கும் என்று நாம் கற்றுக்கொடுத்திருக்கிறோம். அறிக்கை குழந்தையைப் பலியாகப் பார்க்கிறது, நாம் வீரனாகப் பார்க்கிறோம். இரவல் புத்தகத்துக்காக அழுத அந்தப் பிள்ளை இரண்டிலும் இல்லை. பயந்த, கணக்குப் போடுகிற, பெரியவர்களைச் சந்தேகிக்கிற குழந்தையை எழுத நம்மிடம் ஆள் குறைவு.

கூட்டம் நடந்து ஒன்றரை மாதம் கழித்துத் தம்பி எனக்கு ஒரு சிறுகதை அனுப்பினான். அவன் எழுதிய முதல் கதை. வாட்டர் கேட் பார்க்கும் அப்பா, கூடப் போகும் எட்டு வயது மகன். மொழி இன்னும் தடுமாறுகிறது. இரண்டு இடத்தில் தேவையில்லாமல் அழுகிறார்கள், வெட்டச் சொன்னேன். ஆனால் பல காலமாக நான் வாசிக்காத ஒன்று அதில் இருந்தது. பையனுக்குக் கடல் என்பது அழகோ பயங்கரமோ இல்லை. அப்பாவைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக்கொண்டு போகிற ஒன்று, அவ்வளவுதான். சுவரில் மாட்டிய நீர்மட்ட அட்டவணையைப் பார்த்து, இன்றிரவு அப்பா வீட்டில் இருப்பாரா மாட்டாரா என்று அவன் கணக்குப் போடுகிறான். பள்ளியில் கழித்தல் வராத பையன்.

உச்சக் காட்சி ஒரு பௌர்ணமி விடியல். காலை ஆறு மணிக்கு அப்பா கதவைத் திறந்துவிட, வாய்க்கால் நீர் கடலுக்குள் பாய்கிறது, கிழக்கே வெளுக்கிறது. அழகான காட்சி. வாசித்துவிட்டுத் துறைமுக நீர்மட்ட அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். கிள்ளான் பக்கம் பௌர்ணமி நாட்களில் காலை ஆறு மணியை ஒட்டித்தான் கடல் உச்சத்தில் ஏறி நிற்கும். வற்றுவது நள்ளிரவு வாக்கில். ஆறு மணிக்குக் கதவைத் திறந்தால் கடல் தோட்டத்துக்குள் வந்துவிடும்.

கூப்பிட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “ராத்திரிதான் அண்ணா. அப்பா ராத்திரிதான் போவார். விடியற்காலைன்னா நல்லா இருக்கும்னு நெனச்சு மாத்திட்டேன்” என்றான்.

“மாத்தினத மறுபடி மாத்துடா.”

“இருட்டுல அந்தப் பையனுக்கு ஒண்ணும் தெரியாதே அண்ணா. சத்தம் மட்டும்தான் கேக்கும்.”

“என்ன சத்தம்?”

“அப்பாகிட்டக் கேட்டுட்டுச் சொல்றேன்” என்று வைத்துவிட்டான்.